சிவசரண் ஆன பிரெஞ்சுக்காரர்!

காசி யாத்திரை போய் வந்தவர்களுக்கு அஸி காட் தெரிந்திருக்கும். அஸி நதி முன்பு கங்கையில் கலந்த புண்ணிய இடம் அது. பஞ்ச தீர்த்த யாத்திரையை இங்கே நீராடித்தான் தொடங்குவார்கள். பிறகு தசாஸ்வமேதம், ஆதிகேசவம், பஞ்சகங்கா என்று போய், மணிகர்ணிகையில் முடிப்பார்கள்.

அஸி காட் பக்கம் கங்கையைப் பார்த்தபடி ஒரு பெரிய மாளிகை நிற்கிறது. பெயர் ரேவா கோட்டி. ரேவா சமஸ்தானத்து மகாராஜாவுக்குச் சொந்தமாக இருந்தது. 1940-களில் அங்கே வாடகைக்குக் குடியிருந்தவர், வேட்டி கட்டிய ஒரு வெள்ளைக்காரர். காலையில் கங்கா ஸ்நானம். சைவ உணவு. பிறகு சம்ஸ்கிருதப் பாடம், வீணைப் பயிற்சி.

அவர் பெயர் அலேன் தனியேலு. பிரான்ஸ் தேசத்து இசை ஆராய்ச்சியாளர். ஆனால், காசிப் பண்டிதர்களுக்கு அவர் வேறு பெயரில்தான் பழக்கம். அந்தப் பெயர்... சிவசரண்!

சிவனைச் சரணடைந்தவர் என்று பொருள். எங்கேயோ பிறந்தவருக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது? அவரைக் காசிக்கு இழுத்து வந்தது எது? அவர் நமக்கு விட்டுச் சென்றது என்ன? வாருங்கள், பார்க்கலாம்.

கர்தினாலின் தம்பி

1907-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் தேதி, பாரிஸ் நகரை ஒட்டிய நெய்யி என்ற ஊரில் பிறந்தார் அலேன். அப்பா ஷார்ல் தனியேலு அரசியல்வாதி. பிரெஞ்சு அரசாங்கத்தில் பலமுறை அமைச்சராக இருந்தவர். அம்மா மத்லேன், ஆழ்ந்த கத்தோலிக்க பக்தி கொண்டவர். பெண் குழந்தைகள் நன்றாகப் படிக்க வேண்டும் என்பதற்காகக் கல்வி நிறுவனங்களைத் தொடங்கி நடத்திய பெண்மணி. அந்தக் காலத்தில் அது சாதாரணக் காரியமா என்ன?

மூத்த மகன் ழான், அம்மாவின் வழியிலேயே போனார். இயேசு சபைத் துறவியாகி, பெரிய இறையியல் அறிஞராக மதிக்கப்பட்டு, 1969-ல் கர்தினால் பதவிக்கே உயர்ந்தார்.

இளையவரான அலேனோ, அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போகும் பிள்ளை. பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காக அனுப்ப முடியவில்லை. கிராமத்து வீட்டில், ஆசிரியர்களை வரவழைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். கூட விளையாட ஆளில்லாத அந்தக் குழந்தைக்குத் துணையாக இருந்தவை புத்தகங்களும் ஒரு பியானோவும்தான்.

ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒரே வீட்டுப் பிரார்த்தனையைக் கேட்டு வளர்ந்தவர்கள். அண்ணனுக்கு அந்தப் பிரார்த்தனையே வாழ்க்கை ஆயிற்று. தம்பிக்கு அந்த வீட்டின் கண்டிப்பான மதச் சூழல் மூச்சு முட்டியது. ஆனாலும், தேடல் மட்டும் அவரை விடவில்லை. அந்தத் தேடல், காது வழியாகத்தான் அவருக்கு வழி காட்டியது.

வளர்ந்ததும் வாய்ப்பாட்டு, இசையமைப்பு, நடனம், ஓவியம் என்று ஒவ்வொன்றையும் முறையாகக் கற்றார். ஷார்ல் பான்சேரா என்ற புகழ்பெற்ற பாடகரிடம் குரல் பயிற்சி. நிக்கோலா லெகா என்ற ரஷ்ய ஆசிரியரிடம் நடனப் பயிற்சி. பாரிஸ் கலை உலகில் அவருக்கு ஓர் இடம் காத்திருந்தது. ஆனால், விதி வேறு கணக்குப் போட்டிருந்தது!

தாகூரின் தூதர்

1932-ல், ரேமோன் பூர்னியே என்ற சுவிட்சர்லாந்துக்காரருடன் கிழக்கு நோக்கிப் புறப்பட்டார் அலேன். ரேமோன் ஒரு புகைப்படக் கலைஞர்; பல்லாண்டுகள் அலேனுக்கு நெருங்கிய துணையாக இருந்தவர். ஆப்கானிஸ்தானைப் பார்த்துவிட்டு இந்தியாவுக்குள் நுழைந்த இருவரும், சாந்திநிகேதனுக்கும் போனார்கள்.

அங்கே மகாகவி ரவீந்திரநாத் தாகூருக்கு இந்த இளைஞரைப் பிடித்துப்போனது. ஐரோப்பாவில் இருந்த தன் எழுத்தாள நண்பர்களுக்குச் செய்தி கொண்டுபோகும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தார். அலேன் மீண்டும் மீண்டும் சாந்திநிகேதனுக்கு வந்தார். தாகூரின் பாடல்களைக் கேட்டு, அவற்றுக்கு மேற்கத்திய முறையில் ஸ்வரக் குறிப்பு எழுதினார்.

அப்படி எழுதும்போதுதான், அவருக்கு ஒரு சிக்கல் புரிந்தது. பாடுகிறவர் தொடும் ஸ்வரம், பியானோவின் இரண்டு கட்டைகளுக்கு நடுவே எங்கேயோ நிற்கிறது. காகிதத்தில் எழுதினால் ஏதோ ஒன்று தொலைந்துபோகிறது.

தொலைந்துபோகும் அந்த ஒன்று என்ன? விடை தேடப் புறப்பட்டவருக்கு, அதுவே ஆயுள்காலத் தேடல் ஆயிற்று. 1930-களின் பிற்பகுதியில் மூட்டை முடிச்சோடு வந்து காசியில் குடியேறிவிட்டார்!

மாணவராக அமர்ந்தார்

அந்தக் காலத்தில் இந்தியாவுக்கு வந்த வெள்ளைக்காரர்கள் பலர், நம்மை ஆராய வந்தார்கள். ஒரு குறிப்பேடு, ஒரு மொழிபெயர்ப்பாளர், சில மாதங்கள்... அவ்வளவுதான்! ஊருக்குப் போய் நம்மைப் பற்றிப் புத்தகம் எழுதிவிடுவார்கள்.

அலேன் அப்படிச் செய்யவில்லை. தரையில் சம்மணமிட்டு மாணவராக அமர்ந்தார். சிவேந்திரநாத் பாசு என்ற வித்வானிடம் சுமார் ஆறு ஆண்டுகள் வீணை கற்றார். இந்தியைச் சரளமாகப் பேசினார். பண்டிதர்களிடம் சம்ஸ்கிருதமும் சாஸ்திரங்களும் பாடம் கேட்டார். ஆங்கிலம் தெரியாத, தெரிந்துகொள்ள விரும்பாத பழுத்த வைதிகர்கள்தான் அவருடைய ஆசிரியர்கள். அவர்கள் சொல்லிக் கொடுத்ததை, அவர்கள் மொழியிலேயே வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார்.

பிறப்பால் வெளிதேசத்தவர் என்பதால், வைதிக சமூகத்தில் அவருக்குச் சில எல்லைகள் உண்டு. அதற்காக அவர் முகம் சுளிக்கவில்லை. கொடுத்த இடத்தில் அமர்ந்து, கொடுத்ததைக் கற்றார். அதனால்தானோ என்னவோ, கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

காசியில் அப்போது சுவாமி கரபாத்ரி என்ற மகான் இருந்தார். ‘கர’ என்றால் கை. ‘பாத்ர’ என்றால் பாத்திரம். பிட்சையைக் கையில் வாங்கி, கையிலேயே உண்டு, அதற்கு மேல் எதையும் வைத்துக்கொள்ளாத துறவி என்பதால் அந்தப் பெயர். தர்ம சங்கத்தை நிறுவியவர். சிவலிங்க வழிபாட்டின் உட்பொருளையும், தேவி உபாசனையின் ரகசியத்தையும் விளக்கி எழுதியவர். சாஸ்திரத்தில் எள்ளளவும் விட்டுக்கொடுக்காத அந்தப் பெரியவரின் வழிகாட்டலில்தான், அலேனுக்குச் சைவ தீட்சை கிடைத்தது. ‘சிவசரண்’ என்ற திருநாமமும் கிடைத்தது.

இன்னொரு பக்கம், நண்பர் ரேமோனுடன் மத்திய இந்தியாவின் பழைமையான கோயில்களைத் தேடிப் பயணம் போனார். கஜுராஹோ கோயில்களின் சிற்பங்களை ரேமோன் படம் எடுத்தார். கலை வரலாற்று அறிஞர் ஸ்டெல்லா க்ராம்ரிஷ் இந்துக் கோயில்களைப் பற்றி எழுதிய இரண்டு தொகுதி நூல், 1946-ல் கல்கத்தா பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. கோயில் கலை படிப்பவர்கள் இன்றும் புரட்டுகிற அந்த நூலில் இருப்பவை ரேமோனின் புகைப்படங்கள்தான்!

22 படிகள்

சரி, அந்தத் தொலைந்த ஸ்வரத்துக்கு வருவோம்.

நீங்கள் சின்ன வயதில் பாட்டு கற்றிருந்தால், 12 ஸ்வர ஸ்தானங்களை அறிவீர்கள். ஆர்மோனியத்தில் ஒரு ஸ்தாயிக்குள் இருக்கும் கறுப்பும் வெள்ளையுமான கட்டைகள் அவைதான். ஆனால், பரத முனிவரின் நாட்டிய சாஸ்திரம் ஒரு ஸ்தாயிக்குள் 22 சுருதிகள் என்கிறது. அப்படியானால், 12 கட்டைக்குள் 22 எப்படி அடங்கும்?

அடங்காது! தியாகராஜ ஆராதனையில் பஞ்சரத்ன கிருதிகளைக் கேட்டிருப்பீர்கள். இரண்டாவதாக வருவது கௌளை ராகம். அதன் ரிஷபத்தைக் கவனித்திருக்கிறீர்களா? மாயாமாளவகௌளையில் வரும் அதே சுத்த ரிஷபம்தான் என்று ஏட்டில் இருக்கும். ஆனால், பாடும்போது அதைவிடக் கொஞ்சம் தாழ்ந்து, சட்ஜத்தை ஒட்டிக்கொண்டு நிற்கும். அந்த மயிரிழை வித்தியாசத்தில்தான் கௌளையின் முகமே இருக்கிறது. கட்டையை அழுத்தினால் அது வராது.

மேற்கத்திய பியானோவில், எல்லா ஸ்வரங்களுக்கும் இடைவெளி ஒரே அளவாக இருக்கும்படி சமப்படுத்தி வைத்திருக்கிறார்கள். எந்தக் கட்டையிலிருந்து தொடங்கினாலும் வாசிக்க வசதி. அதற்குக் கொடுத்த விலை, தூய சேர்க்கை. தம்பூராவில் ச-ப இரண்டும் 2-க்கு 3 என்ற கணக்கில் அப்பழுக்கின்றிச் சேரும். பியானோவின் பஞ்சமமோ அதிலிருந்து ஒரு நூலிழை இறங்கித்தான் இருக்கும்.

ஆர்மோனியம் நம் ஊருக்கு வந்து வீட்டுக்கு வீடு புகுந்தபோது, அந்தச் சமரசமும் கூடவே வந்துவிட்டது. தாகூருக்கு அதில் உடன்பாடு இல்லை. 1940-ல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தன் நிலையங்களில் தடை செய்தது. சுமார் 30 ஆண்டுகள் நீடித்தது அந்தத் தடை.

நம்மவர்களே சுருதி நுட்பத்தைக் கோட்டைவிட்டுக்கொண்டிருந்த காலத்தில், அதைக் கணக்குப் போட்டு நிறுவப் புறப்பட்டார் இந்தப் பிரெஞ்சுக்காரர். 1943-ல் வெளிவந்த இவரது நூல், இந்தியா, சீனா, கிரேக்கம் ஆகிய தேசங்களின் ஸ்வர வரிசைகளை அருகருகே வைத்து ஆராய்ந்தது. 2, 3, 5 ஆகிய எண்களின் பெருக்கத்தில் பிறக்கும் இடைவெளிகளே காதுக்குப் பொருளுள்ளவை. ஒவ்வோர் இடைவெளிக்கும் தனித்தனி உணர்வு உண்டு என்பது அவர் கொள்கை. கருணை ஒன்றில், வீரம் இன்னொன்றில், சாந்தம் மற்றொன்றில்!

அவருடைய எல்லா முடிவுகளையும் இசை அறிஞர்கள் ஏற்றுக்கொண்டுவிடவில்லை. சுருதிகளின் எண்ணிக்கை, அளவு பற்றிய விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால், இந்திய சங்கீதம் வளர்ச்சி பெறாத பழங்குரல் என்று இளக்காரமாக நினைத்த ஐரோப்பியர்களுக்கு, இது நுட்பமான ஒரு சாஸ்திரம் என்று அவர்கள் மொழியிலேயே புரியவைத்தவர்களில் முக்கியமானவர் அவர். அதை யாராலும் மறுக்க முடியாது.

1949-ல் காசி இந்துப் பல்கலைக்கழகம் அவரை இசைப் பேராசிரியராக்கியது. மாணவராக வந்தவர், அதே ஊரில் ஆசிரியர் ஆனார்!

அடையாறில்... புதுச்சேரியில்...

1954-ல் காசியை விட்டுச் சென்னைக்கு வந்தார் சிவசரண். அடையாறு பிரம்மஞான சபையில் 1886-ல் தொடங்கப்பட்ட நூலகம் இருக்கிறதல்லவா? ஓலைச்சுவடிகளுக்குப் பெயர்போன அந்த நூலகத்தில் பொறுப்பேற்று, சுமார் இரண்டு ஆண்டுகள் பணியாற்றினார்.

பிறகு புதுச்சேரி. 1955-ல் அங்கே பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டிருந்தது. சிவாலய பூஜைகளுக்கு ஆதாரமான ஆகமச் சுவடிகளை, சிவாசாரியார்களின் வீடுகளிலிருந்தும் மடங்களிலிருந்தும் திரட்டிப் பாதுகாத்த நிறுவனம் அது. அங்கே அந்தச் சுவடிகளோடு வாழ்ந்தவர் பண்டிதர் என்.ஆர். பட். அவரோடு சேர்ந்து, புராணங்களில் சங்கீதத்தைப் பற்றி வரும் பகுதிகளைத் தொகுத்து 1959-ல் பதிப்பித்தார் சிவசரண். வாயு புராணம், மார்க்கண்டேய புராணம் போன்றவற்றில் இசை இலக்கணமே இருக்கிறது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

நம் தமிழுக்கும் அவர் தொண்டு செய்திருக்கிறார். சிலப்பதிகாரத்தை ஆர்.எஸ். தேசிகனுடன் சேர்ந்து பிரெஞ்சில் மொழிபெயர்த்தார். 1961-ல் பாரிஸில் அது புத்தகமானது. 1965-ல் ஆங்கிலத்திலும் தந்தார். பிற்காலத்தில், தமிழறிஞர் தி.வே. கோபாலையரின் துணையோடு மணிமேகலையையும் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார்.

ஆய்ச்சியர் குரவை நினைவிருக்கிறதா? மாதரி, ஏழு ஆயர் பெண்களை வட்டமாக நிறுத்தி, ஒவ்வொருத்திக்கும் ஒரு ஸ்வரத்தின் பெயரைச் சூட்டுவாள். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். ஏழு ஸ்வரங்களே கைகோத்து ஆடிக் கண்ணனைத் துதிக்கும் காட்சி அது. ஓர் இசை அறிஞரின் கைக்குச் சிலம்பு போய்ச் சேர்ந்தது எவ்வளவு பொருத்தம், பாருங்கள்!

கங்கையைப் பிரிந்தவர்

ஒரு கேள்வி எழும். இவ்வளவு நேசித்த தேசத்தை விட்டு அவர் ஏன் திரும்பிப் போனார்?

சுதந்திரத்துக்குப் பிறகு, காசியின் வைதிகப் பெரியவர்களே அவரை ஐரோப்பாவுக்குத் திரும்பச் சொன்னார்கள். இந்து தர்மத்தை அதன் உண்மையான வடிவில் அங்கே எடுத்துச் சொல்ல, அந்த மண்ணில் பிறந்த ஒருவரால்தான் முடியும் என்பது அவர்கள் எண்ணம். கங்கைக் கரையிலேயே கடைசி மூச்சை விட வேண்டும் என்றுதானே நாமெல்லாம் ஏங்குகிறோம்? அந்தக் கரையில் பதினைந்து ஆண்டுகள் போல வாழ்ந்தவர், குருமார்கள் சொன்னதைத் தட்டவில்லை. முதலில் தெற்கே வந்தார். பிறகு கடல் கடந்தார்.

போன இடத்தில் சும்மா இருந்தாரா? இந்து தெய்வங்களின் தத்துவத்தை விளக்கும் பெரிய நூலை 1960-ல் பிரெஞ்சில் வெளியிட்டார். 1963-ல் பெர்லின் நகரில் உலக மரபு இசைகளுக்காக ஓர் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். பின்னர் வெனிஸ் நகரிலும் அதன் கிளை எழுந்தது.

யுனெஸ்கோவுக்காக, ஆசிய நாடுகளின் இசையைத் தரமாகப் பதிவு செய்து இசைத்தட்டுகளாக வெளியிடும் திட்டத்தையும் தொடங்கி நடத்தினார். முதல் வெளியீடுகள் வந்தது 1961-ல். இந்தியாவுக்கான தட்டுகளில் எதற்கு இடம் கிடைத்தது தெரியுமா? வேத கோஷத்துக்கும்தான்! அதே யுனெஸ்கோ, 2003-ல் நம் வேத பாராயண மரபை மனிதகுலத்தின் அருஞ்செல்வம் என்று அறிவித்தது. அதற்கு 40 ஆண்டுகள் முன்னதாகவே அந்த ஒலியை உலகத்தின் காதில் போட்டவர் இவர்.

அதற்கும் முன்பு, 1950-களில் பாரிஸில் வெளியான இந்திய சாஸ்திரிய சங்கீத இசைத்தட்டுத் தொகுப்பும் அவருடைய உழைப்புதான். அதில் ரவிசங்கரின் சிதார் உண்டு, அலி அக்பர் கானின் சரோட் உண்டு, நம் டி.கே. பட்டம்மாளின் குரலும் உண்டு! கோயில்களிலும் அரசவைகளிலும் வளர்ந்த துருபத் என்ற பழம்பெரும் பாடல் முறையை, டாகர் சகோதரர்கள் 1964-ல் பெர்லின் மேடையில் பாட வழி செய்தவரும் அவர்தான்.

இதில் அவருக்கு ஒரு கண்டிப்பு உண்டு. கிழக்கத்திய வித்வான்களை நாட்டுப்புற வேடிக்கை போல ஓரமாக உட்காரவைக்கக் கூடாது. ஐரோப்பாவின் பெரிய வித்வான்களுக்கு என்ன மேடையோ, என்ன மரியாதையோ, அதே மேடை, அதே மரியாதை! தரையில் அமர்ந்து வித்தை கற்றவருக்கு அல்லவா, வித்வானின் அருமை தெரியும்?

அவர் தொடங்கிவைத்த யுனெஸ்கோ வரிசை, 120-க்கும் மேற்பட்ட இசைத் தொகுப்புகளாக வளர்ந்தது. அவற்றில் பதிவான பல பாணிகளைப் பாடிய தலைமுறை இன்று இல்லை. குரல்கள் மட்டும் இருக்கின்றன.

கடைசிவரை சிவசரண்

ஒரு ஸ்தாயியை 52 ஸ்வர நிலைகளாகப் பிரித்துக் காட்டும் மின்னணு இசைக்கருவி ஒன்றையும் 1980-ஐ ஒட்டி உருவாக்கச் செய்தார். சாந்திநிகேதனில் எழுதமுடியாமல் தொலைந்த ஸ்வரத்தை, சுமார் 50 ஆண்டுகள் கழித்து ஒரு கருவிக்குள் பிடித்துவிட்டார் என்று சொல்லலாமா?

1981-ல் யுனெஸ்கோவின் சர்வதேச இசைப் பரிசு. நம் சங்கீத நாடக அகாடமியின் மிக உயர்ந்த கௌரவமும் அவருக்குக் கிடைத்தது. முதுமையில் ரோம் நகருக்கு அருகே, ஸகரோலோ என்ற ஊரில் மலைச்சரிவு வீட்டில் வாழ்ந்தார். கர்தினாலான அண்ணன் 1974-லேயே காலமாகிவிட்டார். ரோம் நகரம் அண்ணனைக் கௌரவித்தது. அதே ரோமின் அருகில் வாழ்ந்த தம்பி, கடைசிவரை தன்னைச் சைவர் என்றே சொல்லிக்கொண்டார். 1994 ஜனவரி 27-ல் சுவிட்சர்லாந்தில் அவர் உயிர் பிரிந்தது.

அவர் கற்றதும் கற்பித்ததும் ஏராளம். ஆனால், எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது ஒரே ஒரு குணம். காது கொடுத்துக் கேட்பது! தாகூர் பாடியபோது கேட்டார். குரு வாசித்தபோது ஆறு வருடம் கேட்டார். பண்டிதர்கள் சொன்னபோது, தன் கருத்தை ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டார். சுருதி சேர்ப்பதும் அதுதானே? நம் குரலைக் கொஞ்சம் அடக்கி, தம்பூராவுக்கு இடம் கொடுத்தால்தான் சேரும். சரணாகதியும் அப்படித்தான்.

உங்கள் ஊர் சிவன் கோயிலில் சாயரட்சை தீபாராதனைக்குப் பிறகு, ஓதுவார் ஒருவர் பதிகம் பாடுவார். அந்த நேரத்தில்தான் நாம் விபூதி வாங்கக் கையை நீட்டிக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரிடம் சீரியல் கதை பேசிக்கொண்டிருப்போம். அவர் பாடும் பண்ணுக்கு ஆயிரம் வருடங்களுக்கு மேல் வயது. கேட்க ஆளில்லாவிட்டால், அவரோடு அதுவும் போய்விடும்.

அடுத்த பிரதோஷத்துக்குப் போகும்போது, ஐந்து நிமிடம் ஓதுவார் முன்னால் உட்காருங்கள். பேத்தியையும் மடியில் இருத்திக்கொள்ளுங்கள். கண்ணை மூடிக் கேளுங்கள். பாடி முடித்ததும், நன்றாக இருந்தது ஐயா என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்.

அந்த ஒரு வார்த்தைக்காகவே, அடுத்த நாள் அவர் இன்னொரு பதிகம் கூடுதலாகப் பாடுவார். நாத வடிவான ஈசனும் கேட்டுக்கொண்டிருப்பார்!